பக்கத்துல உக்காந்து வாசிச்சவங்க – கடிதமும் பதிலும்

அண்ணா வணக்கம்,

போன மாசம் அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே பத்தி நீங்க எழுதினதப் படிச்சேன். நான் திருநெல்வேலி பக்கம் ஒரு ஆர்கெஸ்ட்ராவுல பன்னெண்டு வருஷமா கீபோர்டு வாசிக்கேன். கோயில் கொடை, கல்யாண ரிசப்ஷன், கட்சிக்காரங்க பிறந்தநாள்னு எங்க கூப்பிட்டாலும் வேன்ல ஏறிப் போயிருவோம். லாக்டவுன்ல கச்சேரி ஒண்ணும் இல்லாம வீட்ல கிடந்தப்ப யூடியூப்ல ஜாஸ் கேக்க ஆரம்பிச்சேன், இப்ப விட முடியல.

ஒரு சந்தேகம்ணே. பழைய ஜாஸ் வாத்தியக்காரங்க பேட்டி நிறைய பாக்கேன். அதுல பாடகிங்க பேச்சு வந்தாலே ஒண்ணு கிண்டல், இல்லன்னா ஒரேயடியா கும்பிடு. ஒண்ணா பஸ்ல போயி, ஒண்ணா சாப்பிட்டு, ராத்திரி பூரா சேந்து வாசிச்சவங்க உண்மைல அந்தப் பாடகிங்களப் பத்தி என்னதான் நெனச்சாங்க?

எங்க குரூப்ல ஒரு அக்கா பாடுவாங்க, நல்ல குரலு, இல்லங்கல. ஆனா மேடை ஏறி மைக்கப் புடிச்ச பொறவுதான் திரும்பிப் பாத்து "தம்பி ஒரு கட்டை இறக்குங்க"ம்பாங்க. ட்ரான்ஸ்போஸ் பட்டன அமுக்கிட்டு மனசுக்குள்ள திட்டுவேன். கைத்தட்டு பூரா அவங்களுக்கு, நான் ஒருத்தன் அங்க இருந்ததே ஜனத்துக்குத் தெரியாது. அங்கயும் இப்படித்தானா?

பேரு போட வேண்டாம்ணே, குரூப்ல எல்லாரும் உங்க சைட் படிக்காங்க.

*

தம்பி,

பேரு போடல. ஆனா குரூப்ல எல்லாரும் படிக்கிறாங்கன்னா அந்த அக்காவும் படிப்பாங்க, பன்னெண்டு வருஷம் கீபோர்டு வாசிக்கிறவர் யாருன்னு கண்டுபிடிக்க அவங்களுக்கு அஞ்சு நிமிஷம் ஆகாது. அதுக்கு நான் பொறுப்பு இல்ல.

"ஒண்ணு கிண்டல், இல்லன்னா கும்பிடு" – இந்த வரிய ரெண்டு நாளா மனசுல போட்டு உருட்டிட்டிருந்தேன். சரியாத்தான் பிடிச்சிருக்கீங்க. எனக்குத் தோணுறது என்னன்னா, கிண்டல் பண்றவங்களும் கும்பிடுறவங்களும் ஒரே தப்பத்தான் பண்றாங்க, ரெண்டு பேருமே பாடகிய தங்கள மாதிரி ஒரு மியூசிஷியனா எண்ணல. அப்படி எண்ணினவங்க பேசறது வேற மாதிரி இருக்கும், அதுல கீ வரும், டெம்போ வரும், சாப்பாடு வரும், பஸ் வரும், சண்டை வரும், குரல் தேன் மாதிரி இருந்துச்சுங்கற பேச்சு ரொம்பக் கம்மியா வரும்.

முதல்ல கிண்டல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாப்போம், அதுக்கு ஒரு காரணம் இருக்கு. 1930கள்ல அமெரிக்கால ஜாஸ்னா பெரிய பேண்டு, பதினஞ்சு பேரு பக்கம் இருப்பாங்க, ஜனம் வர்றது டான்ஸ் ஆடறதுக்கு. போஸ்டர்ல பேண்ட் லீடர் பேரு தான் பெருசா இருக்கும். பாடகிங்கறவங்க கூடுதல் ஐட்டம். மேடை ஓரமா ஒரு சேர் போட்டு நல்ல கவுன் போட்டு உக்கார வச்சிருவாங்க, பேண்டு வாசிக்க வாசிக்க சிரிச்ச மூஞ்சியா உக்காந்திருக்கணும், முறை வந்தா எந்திரிச்சு பாட்ட ஒரே ஒரு சுத்து பாடிட்டு மறுபடி போய் உக்காரணும். அவங்களுக்கு வச்ச பட்டப்பேரு கேனரி. கூண்டுல வச்சு வளக்கற மஞ்சக் குருவி. இந்த ஒரு வார்த்தையே போதும், வாத்தியக்காரங்க அவங்கள என்னவா பாத்தாங்கன்னு புரிஞ்சுக்க.

அப்புறம் நிலைமை தலைகீழா மாறிடுச்சு. 1942 ஆகஸ்ட் 1ஆம் தேதியிலேர்ந்து ரெகார்டிங்குக்கு ஒருத்தரும் போகக்கூடாதுன்னு வாத்தியக்காரங்க யூனியன் தலைவர் ஜேம்ஸ் பெட்ரிலோ சொல்லிட்டார். ரேடியோலயும் ஹோட்டல்லயும் ரெகார்டு ஓடி ஓடி எங்க பொழப்பு போகுது, எங்களுக்கு ஒரு பங்கு குடுங்கன்னு கேட்டாங்க, நியாயமான கோரிக்கை தான். ஆனா பாடகர்கள் அந்த யூனியன்ல கிடையாது. கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா, பாடகரக் கூட்டிட்டு வந்து பின்னாடி வாத்தியத்துக்குப் பதிலா கூட்டமா பாடற குரல் வச்சு ரெகார்டு போட ஆரம்பிச்சுட்டான். பெரிய கம்பெனிங்கல்லாம் இறங்கி வந்து கையெழுத்து போட 1944 நவம்பர் ஆயிடுச்சு, அதுக்குள்ள ஜனத்துக்கு பாடகர் பேரு தான் மனசுல நின்னுச்சு. ஸ்ட்ரைக் மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன், யுத்தம், பெட்ரோல் ரேஷன், டான்ஸ் ஹாலுக்குப் போட்ட வரின்னு எல்லாம் சேந்து பெரிய பேண்டுகள சாச்சுது. இருந்தாலும் தங்களோட ஸ்ட்ரைக்கே தங்கள பின்னாடி தள்ளிடுச்சுங்கற கசப்பு வாத்தியக்காரங்களுக்கு இருந்திருக்கும்ல, அந்தத் தலைமுறை ஆளுங்க பேட்டில பாடகிங்க பத்தி நக்கல் வந்தா நான் அந்தக் கசப்ப ஞாபகம் வச்சுக்குவேன். உங்க "கைத்தட்டு பூரா அவங்களுக்கு" கூட அந்தக் கசப்பு தான், கோச்சுக்காதீங்க.

இப்ப ரோடுக்கு வருவோம். நீங்க வேன்ல போறவரு, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. ராத்திரி ஒரு ஊர்ல வாசிச்சு முடிச்சு, பஸ்ல ஏறி, நூத்துக்கணக்கான மைல் போயி, மறுநாள் சாயங்காலம் இன்னொரு ஊர்ல வாசிக்கணும், வாரக்கணக்கா இதே கதை. பதினஞ்சு ஆம்பளைங்க நடுவுல ஒரே ஒரு பொண்ணு. ஆம்பளைங்களுக்கு யூனிஃபார்ம் கோட்டு, அதயே திரும்பத் திரும்ப போட்டுக்கலாம். அந்தப் பொண்ணு மட்டும் ஓடுற பஸ்ல மேக்கப் போட்டு, கவுனு கசங்காம பாத்து, எறங்கினதும் இஸ்திரிப் பெட்டி தேடணும், துணி மாத்த ஒரு தனி ரூம் கூட பாதி எடத்துல இருக்காது.

பில்லி ஹாலிடே 1937ல கவுண்ட் பேஸி பேண்டுல சேந்தாங்க, ஒரு வருஷம் கூட முழுசா இல்ல. வேற கம்பெனியோட ஒப்பந்தம் இருந்ததால பேஸி பேண்டோட ஸ்டுடியோ ரெகார்டிங் ஒண்ணு கூட கிடையாது, ரேடியோல போனத யாரோ பிடிச்சு வச்ச மூணு பாட்டு தான் மிச்சம். 1956ல வந்த தன் சுயசரிதைல அந்த பஸ்ஸ பத்தி பில்லி சொல்லியிருக்காங்க. அந்தப் புஸ்தகத்த அப்படியே நம்பக் கூடாது, பொறந்த ஊர்லேர்ந்தே அதுல குழப்பம் தான், ஆனா பஸ்ஸுக்குள்ள மண்டி போட்டு உக்காந்து பேண்டு ஆளுங்களோட தாயம் உருட்டி அவங்க காச ஜெயிச்ச கதை மட்டும் பொய்யா இருந்தாலும் எனக்குப் பிடிக்கும். சும்மா சேர்ல உக்காந்திருக்கற கேனரி பண்ற காரியமா அது?

அதே புஸ்தகத்துல டெட்ராய்ட் கதையும் வருது. அங்க ஃபாக்ஸ் தியேட்டர்ல பேண்டு வாசிக்கணும், பில்லி கொஞ்சம் வெளுப்பு, லைட்டு பட்டா வெள்ளக்காரப் பொண்ணு மாதிரி தெரியும், கறுப்பு ஆம்பளைங்க நடுவுல வெள்ளக்காரப் பொண்ணான்னு பிரச்சினை வரும்னு சொல்லி தியேட்டர்காரங்க அவங்க மூஞ்சில கறுப்பு மை பூசச் சொல்லியிருக்காங்க. பூசிக்கிட்டுத்தான் பாடினாங்க.

1938ல ஆர்ட்டி ஷா பேண்டு. முழுக்க வெள்ளக்காரங்க பேண்டு, அதுல ஒரே கறுப்புப் பொண்ணு. இப்ப பிரச்சினை நேரெதிர். தெற்கு மாநிலங்கள்ல சாப்பாட்டுக் கடைக்குள்ள விட மாட்டான், தங்க எடம் தர மாட்டான், பேண்டுல சில பேரு அவங்களுக்காக சண்ட போட்டிருக்காங்க, சில பேரு வாய மூடிட்டு சாப்பிட்டிருப்பாங்க, மனுஷங்க தானே. ஆனா பில்லி பேண்ட விட்டதுக்குக் காரணமா எப்பவும் சொல்லப்படுறது தெற்குல நடந்தது இல்ல, நியூயார்க்ல நடந்தது. ஹோட்டல் பேரு லிங்கன். அடிமைத்தனத்த ஒழிச்சவர் பேரு வச்ச ஹோட்டல்ல, மேடைல பாடப் போற பாடகிய, விருந்தாளிங்க போற லிஃப்ட்ல போகாத, சாமான் ஏத்தற லிஃப்ட்ல போன்னு சொல்லியிருக்காங்க. ஷாவோட அவங்க பண்ணின ஸ்டுடியோ ரெகார்டிங் ஒரே ஒரு பாட்டு. அவ்ளோதான் மிச்சம்.

இந்த மாதிரி விஷயத்த ஃபோட்டோவா பாக்கணும்னா மில்ட் ஹின்டன தேடுங்க. கேப் காலோவே பேண்டுல 1936லேர்ந்து 1951 வரைக்கும் டபுள் பேஸ், அதாவது ஆள் உசர வயலின் மாதிரி இருக்கற வாத்தியம், வாசிச்சவர், போற எடமெல்லாம் கேமராவும் கையுமா இருப்பார். ரயில்வே ஸ்டேஷன்ல கறுப்பர்களுக்கு தனி வாசல்னு எழுதின போர்டுக்குக் கீழ பேண்டு ஆளுங்க நிக்கற படம் ஒண்ணு இருக்கு, டை கட்டி தொப்பி வச்சு ஜம்முனு நிப்பாங்க. 1959ல பில்லியோட கடைசி ரெகார்டிங்லயும் ஹின்டன் தான் பேஸ், அங்கயும் கேமரா கொண்டு போயிருக்கார். அந்தப் படங்கள நான் ஒரு தடவ பாத்துட்டு மூடிட்டேன், மறுபடி பாக்கல. ட்யூக் எலிங்டன் வேற வழி கண்டுபிடிச்சார், தெற்குல சுத்தும்போது பேண்டுக்குன்னே தனி ரயில் பெட்டி வாடகைக்கு எடுத்தார், தூக்கம் சாப்பாடு எல்லாம் அதுலயே. அவரோட பாடகி ஐவி ஆண்டர்சனுக்கு இந்த ஹோட்டல் அவமானத்துல பாதியாவது அதனால மிச்சம் ஆயிருக்கும்.

சரி, மியூசிஷியனா எண்ணினாங்களான்னு கேட்டேன்ல. சில பாடகிங்க அத கேட்டு வாங்கினாங்க. அனிதா ஓ'டே 1941ல ஜீன் க்ரூப்பா பேண்டுல சேந்தப்ப, எனக்கு கவுன் வேணாம், பேண்டு ஆளுங்க போடற கோட்டே எனக்கும் தைச்சுக் குடுங்கன்னு கேட்டு வாங்கி போட்டுக்கிட்டாங்க. அப்ப அது பெரிய பேச்சு. நம்ம ஊர்ல ஆர்கெஸ்ட்ரா பாடகி பட்டுப்புடவை வேணாம், ட்ரம்ஸ்காரர் போட்டிருக்கற டீஷர்ட்டே போதும்னு சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அதே பேண்டுல ட்ரம்பெட் ராய் எல்ட்ரிட்ஜ், கறுப்பர். இவங்க ரெண்டு பேரும் மேடைல மாத்தி மாத்தி பேசிப் பாடற பாட்டு ஒண்ணு அந்த வருஷமே ஹிட்டு. வெள்ளக்காரப் பொண்ணும் கறுப்பு ஆம்பளையும் மேடைல கேலி பேசி சிரிக்கறது அன்னைக்கு சாதாரண விஷயமே இல்ல.

சாரா வானுக்கு அத கேக்கவே வேண்டியிருக்கல. 1943ல ஏர்ல் ஹைன்ஸ் பேண்டுல சேந்தப்ப அவங்க பாடகி மட்டும் இல்ல, இரண்டாவது பியானோவும் அவங்க தான். அந்த பேண்டு பஸ்ல அப்ப யாரு யாரு இருந்தாங்கன்னா ட்ரம்பெட் டிஸி கில்லஸ்பி, சாக்ஸஃபோன் சார்லி பார்க்கர். அவங்க புதுசா போட்டுப் பாக்கற கார்டெல்லாம், அதாவது ஒண்ணா சேந்து ஒலிக்கற ஸ்வரக் கூட்டெல்லாம், இவங்க காதுக்கு பியானோ கட்டையாவே கேட்டிருக்கும். அதனால தான் பேண்டு ஆளுங்க அவங்கள தங்கள்ல ஒருத்தரா நடத்தினாங்க. கெட்ட வார்த்தைல யாருக்கும் சளைக்காதவங்கன்னு ஒரு பட்டப்பேரு செய்லர், அதாவது கப்பல்காரன். இன்னொண்ணு சாஸி, வாய்த்துடுக்குன்னு வச்சுக்கலாம், அது பியானோ வாசிச்ச ஜான் மாலகை வச்ச பேரு. தெய்வீகப் பாடகின்னு ஒரு பட்டமும் உண்டு, அத வச்சவர் ரேடியோக்காரர். பாருங்க, கூட வாசிச்சவங்க வச்ச பேரு வேற, கேக்கறவங்க பக்கத்துலேர்ந்து வந்த பேரு வேற. உங்க கிண்டலுக்கும் கும்பிடுக்கும் நடுவுல எடம் இருக்கான்னு கேட்டீங்களே, இந்த சாஸிங்கற பேருல தான் இருக்கு.

எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட்ங்கற பாடகியோட கதை மட்டும் சொல்லிட்டுப் போறேன். அவங்க கூச்ச சுபாவம், மேடைல இருக்கற ஆளுக்கும் கீழ இருக்கற ஆளுக்கும் சம்பந்தமே இருக்காதுன்னு கூட இருந்தவங்க எல்லாரும் சொல்வாங்க. 1955 அக்டோபர் 7, ஹூஸ்டன் ம்யூசிக் ஹால். நார்மன் க்ரான்ஸ் நடத்தின கச்சேரி, கறுப்பர் வெள்ளையர் தனித்தனியா உக்கார்றதெல்லாம் கிடையாது, டிக்கெட் வாங்கினா எங்க வேணா உக்காரலாம்னு பிடிவாதமா நின்னார். அதுக்கான பதில் மேடைக்குப் பின்னாடி வந்துச்சு. மஃப்டில போலீஸ் உள்ள பூந்து சூதாட்டம்னு கேஸ் போட்டாங்க. டிஸியும் சாக்ஸஃபோன் வாசிக்கற இல்லினாய் ஜேக்கேயும் ரூம்ல தாயம் உருட்டிட்டிருந்தது நிஜம். எல்லா என்ன பண்ணிட்டிருந்தாங்கன்னா அந்த ரூம்ல பைங்கற இனிப்புப் பலகாரம் சாப்பிட்டு காப்பி குடிச்சிட்டிருந்தாங்க. அவங்க, உதவியாளர், டிஸி, ஜேக்கே, க்ரான்ஸ் அஞ்சு பேரையும் ஸ்டேஷனுக்கு அள்ளிட்டுப் போயி, ஆளுக்கு 10 டாலர் கட்ட வச்சு அனுப்பினாங்க, திரும்பி வந்து ரெண்டாவது ஷோ பாடினாங்க. ஸ்டேஷன்ல டிஸிகிட்ட பேரு கேட்டதுக்கு "லூயி ஆம்ஸ்ட்ராங்"னாராம். எல்லா பின்னாடி இதப் பத்தி பேசும்போது ஆறாம சொன்ன விஷயம் ஒண்ணு உண்டு, கைது பண்ணிட்டு ஆட்டோகிராஃப் வேற கேட்டாங்களாம்.

இப்ப உங்க வேலைக்கு வர்றேன், கீபோர்டுக்கு.

நான் முதல்ல பில்லி கேட்டது 90கள்ல, பர்மா பஜார்ல வாங்கின ஒரு காசெட்டுல. கவர்ல அவங்க மூஞ்சி, பூ, பாட்டு லிஸ்ட், அவ்ளோதான், கூட வாசிச்சவங்க பேரு ஒண்ணு கூட இல்ல. பல வருஷம் கழிச்சுத்தான் அதுல சாக்ஸஃபோன் வாசிச்சவர் லெஸ்டர் யங்னு தெரிஞ்சுது. பில்லியும் அவங்க அம்மாவும் இருந்த வீட்டுலயே கொஞ்ச காலம் தங்கியிருந்தவர், அவங்களுக்கு லேடி டேன்னு பேரு வச்சவர், பதிலுக்கு அவங்க வச்ச பேரு ப்ரெஸ், பிரசிடென்ட்டோட சுருக்கம். லெஸ்டர் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப சொல்லியிருக்கார், ஒரு பாட்ட வாசிக்கணும்னா அதோட வரிகள் தெரிஞ்சிருக்கணும்னு. அவர் வாசிக்கறது சாக்ஸ், வார்த்தைக்கு அங்க வேலையே இல்ல, ஆனா வார்த்தை தெரியாம எங்க மூச்சு விடறதுன்னு எப்படித் தெரியும்? மூச்ச பத்தி இன்னொண்ணு, ஃப்ராங்க் சினாட்ரா தன் நீளமான மூச்ச கத்துக்கிட்டது பாட்டு வாத்தியார்கிட்ட இல்ல, டாமி டோர்ஸியோட ட்ராம்போனப் பின்னாடி உக்காந்து பாத்துப் பாத்து. கொடுக்கல் வாங்கல் ரெண்டு பக்கமும் நடந்திருக்கு.

மால் வால்ட்ரன்னு ஒரு பியானோக்காரர். 1957லேர்ந்து 1959 ஜூலைல பில்லி சாகற வரைக்கும் அவங்களுக்கு வாசிச்சவர். அந்த ரெண்டு வருஷத்துல அவங்க குரல் உடைஞ்சு போச்சு, உடம்பு போச்சு, நியூயார்க்ல மது விக்கற எடத்துல பாடறதுக்கான லைசென்ஸ் எப்பவோ பிடுங்கிட்டாங்க, அதனால ரோடு தான் பொழப்பு. இவர் பின்னாடி பேசினதுல அந்த சோகக் கதையெல்லாம் கம்மி. அவர் சொல்றது இது தான்: வெறும் கார்ட பாத்து வாசிக்காத, வரிய தெரிஞ்சு வாசி, அத பில்லிகிட்ட கத்துக்கிட்டேன். வால்ட்ரன் சோலோ கேளுங்க, ரெண்டே ரெண்டு ஸ்வரத்த வச்சுக்கிட்டு திருப்பித் திருப்பி தட்டிட்டிருப்பார், நடுவுல பெரிய எடம் விடுவார், அந்த எடம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பில்லிய கேட்டா புரியும். 1957 டிசம்பர் 8, டிவில வந்த அந்த ஜாஸ் நிகழ்ச்சி க்ளிப் நீங்க பாத்திருப்பீங்க, பில்லி ஸ்டூல்ல உக்காந்து பாட, லெஸ்டர் எந்திரிச்சு வந்து வாசிக்க, இவங்க தலைய ஆட்டி ரசிப்பாங்களே, அது. எல்லாரும் லெஸ்டரையே பாப்பாங்க. அடுத்த தடவ பியானோவ மட்டும் கேளுங்க, அது வால்ட்ரன்.

பக்கவாத்தியம்னு நம்ம ஊர்ல ஒரு வார்த்தை இருக்கே, எனக்கு ரொம்பப் பிடிக்கும். பின்வாத்தியம்னு வைக்கல பாருங்க.

ஜனத்துக்குத் தெரியாதுன்னு வருத்தப்பட்டீங்க. அது நிஜம், அதுக்கு மருந்து கிடையாது. டாமி ஃப்ளானகன எடுத்துக்கோங்க. ஜாஸ்ல பத்து ரெகார்டு தான் வச்சுக்கலாம்னா அதுல ரெண்டாவது இவர் பியானோ இருக்கற ரெகார்டா இருக்கும், 1956ல சாக்ஸஃபோன்காரர் சோனி ராலின்ஸோட ஒண்ணு, 1959ல இன்னொரு சாக்ஸஃபோன்காரர் ஜான் கோல்ட்ரேனோட ஒண்ணு. அப்பேர்ப்பட்டவர் 1963லேர்ந்து ரெண்டு வருஷம், அப்புறம் 1968லேர்ந்து பத்து வருஷம் எல்லாவுக்கு வாசிச்சார், 1978ல மாரடைப்பு வந்தப்புறம் தான் விட்டார். அதுக்கப்புறம் தன் பேர்ல மூணு பேர் குழு வச்சு வாசிக்கறப்ப, இவர் இவ்ளோ நல்லா வாசிப்பாரான்னு சில பேரு புதுசா கண்டுபிடிச்ச மாதிரி எழுதினாங்களாம், அட பாவிங்களா. எல்லாவுக்கு அவருக்கு முன்னாடி வாசிச்ச ஹேங்க் ஜோன்ஸ் கதை இன்னும் வேடிக்கை. 1962ல மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல கென்னடிக்கு மெர்லின் மன்றோ ஹாப்பி பர்த்டே பாடினத உலகமே பாத்திருக்கு, அதுக்கு பியானோ வாசிச்சவர் ஹேங்க் ஜோன்ஸ்னு எத்தன பேருக்குத் தெரியும்?

எல்லாமே இப்படி பாடகி முன்னாடி வாத்தியக்காரன் இருட்டுலன்னு நினைச்சுக்காதீங்க, பெட்டி கார்ட்டர்னு ஒரு பாடகி இருந்தாங்க. 1948ல லயனல் ஹாம்ப்டன் பேண்டுல சேந்தாங்க, மூணு வருஷத்துக்குள்ள ஹாம்ப்டன் பல தடவ வேலைய விட்டுத் தூக்கியிருக்கார், தூக்கினத திரும்ப சேத்துக்கிட்டது அவர் மனைவி க்ளாடிஸ், பேண்டோட கணக்கு வழக்கெல்லாம் அந்தம்மா கைல தான். ஹாம்ப்டன்கிட்ட இருந்துக்கிட்டே எனக்கு டிஸி பேண்டு தான் பிடிக்கும்னு சொல்லிட்டிருந்தா எவன் சும்மா இருப்பான். பின்னாடி இவங்களே பேண்டு லீடர், சொந்தமா ரெகார்டு கம்பெனி, வண்டில போறதுலேர்ந்து சம்பளம் வரைக்கும் எல்லாம் இவங்க கைல. இருபது வயசுப் பசங்களா பாத்து சேத்துக்குவாங்க. முல்க்ரூ மில்லர், பென்னி க்ரீன், சைரஸ் செஸ்ட்நட், லூயிஸ் நாஷ், கென்னி வாஷிங்டன்னு அங்க படிச்சு வந்தவங்க லிஸ்ட் நீளம். அவங்க ஞாபகங்கள கேட்டா எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், பட்டாளத்துல இருந்துட்டு வந்தவன் பேசற மாதிரி. நேத்து நல்லா வந்த விஷயத்த இன்னைக்கும் வாசிச்சா திட்டு. இவங்க டெம்போ ஸ்லோன்னா, ஒரு பீட்டுக்கும் அடுத்த பீட்டுக்கும் நடுவுல டீ குடிச்சுட்டு வரலாம், அதுல ட்ரம்ஸ்காரன் ஓடவும் கூடாது தூங்கவும் கூடாது. ஃபாஸ்ட்னா கை கழண்டுரும். 1979ல சான் ஃப்ரான்சிஸ்கோல பதிவு பண்ணின லைவ் ஆல்பத்துல முதல் பாட்டே 25 நிமிஷம் ஓடும், ஜான் ஹிக்ஸ் பியானோ, கர்ட்டிஸ் லண்டி பேஸ், கென்னி வாஷிங்டன் ட்ரம்ஸ். வண்டில போறப்ப கேக்காதீங்க, உக்காந்து கேளுங்க. இவங்கள எவனும் கேனரின்னு சொல்லியிருக்க முடியாது.

கடைசியா அந்த ஒரு கட்டை விஷயம். 1960 பிப்ரவரி 13, பெர்லின். எல்லா, கூட பால் ஸ்மித் பியானோ, ஜிம் ஹால் கிட்டார், வில்ஃப்ரெட் மிடில்ப்ரூக்ஸ் பேஸ், கஸ் ஜான்சன் ட்ரம்ஸ். பாபி டாரின் பாடி அப்ப பெரிய ஹிட்டா இருந்த மேக் த நைஃப் பாட்ட எடுக்கறாங்க. அரை அரை ஸ்வரமா கீ ஏறிக்கிட்டே போற பாட்டு. பாதில வரி மறந்து போச்சு. ஆயிரக்கணக்கான ஜெர்மன்காரங்க முன்னாடி, அதுவும் ஜெர்மனில பொறந்த பாட்டு. நிறுத்தல, வரி மறந்துடுச்சுன்னு அதே மெட்டுலயே பாடி, பாபி டாரின், லூயி ஆம்ஸ்ட்ராங்லாம் பாடின பாட்ட எல்லாவும் அவ ஆளுங்களும் நாசம் பண்றோம்னு எதுகையோட போட்டு, நடுவுல ஆம்ஸ்ட்ராங் மாதிரி தொண்டையக் கரகரப்பாக்கி, முடிச்சுட்டாங்க. அதுக்கு க்ராமி அவார்டு கெடச்சுது. நான் கேக்கச் சொல்றது அது இல்ல, அந்த நாலு பேரு. பாடற ஆளு எங்க போறாங்கன்னே தெரியாது, வரியே இல்ல, ஆனா கீ ஏற வேண்டிய எடத்துல நாலு பேரும் ஒண்ணா ஏறுவாங்க, ஒருத்தர் கை கூட நடுங்காது. பட்டன் கிடையாது அங்க.

அதனால தம்பி, அந்த அக்கா மேல உங்க கோவம் நியாயம் தான், மேடைல ஏறி கட்டை மாத்தறது மரியாத இல்ல. ஆனா வேன்ல ரெண்டு மணி நேரம் ஒண்ணா போறீங்களே, இன்னைக்கு தொண்டை எப்படி இருக்கு, எந்த ஸ்கேல்ல பாடறீங்கன்னு நீங்க ஒரு தடவையாவது கேட்டதுண்டா? நேத்து வேற ஊர்ல நாலு மணி நேரம் கத்திட்டு, ராத்திரி பனில வந்து, இன்னைக்கு ஒரிஜினல் ஸ்கேல்ல ஏறலன்னா அவங்களுக்கும் மேடைல மைக்கப் பிடிச்சப்புறம் தான் தெரியும். கேட்டுப் பாத்துட்டு அப்புறம் திட்டுங்க, நானும் சேந்து திட்டறேன்.

ஒரு வேலையும் குடுக்கறேன். பில்லியும் வால்ட்ரனும் சான் ஃப்ரான்சிஸ்கோ போற ஃப்ளைட்ல உக்காந்து ஒரு பாட்டு எழுதினாங்க, வரி பில்லியோடது, மெட்டு வால்ட்ரனோடது, பேரு லெஃப்ட் அலோன். பில்லி அத ரெகார்டு பண்ணாமலே போயிட்டாங்க. வால்ட்ரன் அந்தப் பேர்லயே ஒரு ஆல்பம் போட்டார், அதுல பில்லி பாட வேண்டிய எடத்த ஜாக்கி மெக்லீன் ஆல்டோ சாக்ஸ்ல வாசிக்கிறார், வரி இல்ல. அந்த ஆல்பத்துலயே வால்ட்ரன் பில்லிய ஞாபகப்படுத்திப் பேசறதும் இருக்கு, நீங்க தேடற நடுவுல இருக்கற பேச்சு அதுல கொஞ்சம் கிடைக்கும். அப்புறம் 1961ல ஆபி லிங்கன் அதே பாட்ட வரியோட பாடினாங்க, அதுலயும் பியானோ வால்ட்ரன் தான். ஒரே பாட்டு, ஒரே பியானோக்காரர், ஒண்ணுல வார்த்தை இருக்கு, ஒண்ணுல இல்ல. ஹெட்ஃபோன் போட்டு இடது கைல என்ன பண்றாருன்னு ரெண்டுலயும் கேளுங்க, என்ன வித்தியாசம்னு எனக்கு எழுதுங்க, அந்த அக்காவுக்கும் ஒரு காதுல குடுங்க, வேன்ல தான் நேரம் இருக்கே.